ஆறு வாரம் பொறுங்கள், கொண்டையே சொல்லும்

வீட்டுக்கோழி: வாசகர் கேள்வி, பதில்

கோடை லீவு முடிந்து ஊரிலிருந்து பெங்களூர் திரும்பும்போது அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டுக் குஞ்சு கொண்டுவராத வீடு நம் ஆட்களில் குறைவு போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இது சேவலா, பெட்டையா? அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"அக்கா, வாணியம்பாடி பக்கம் அம்மா வீட்டில் அடைக்கோழி பொரித்த ஏழு சிறுவிடை (சின்ன உருவ நாட்டுக்கோழி) குஞ்சுகளை எடுத்து வந்து மொட்டை மாடியில் வளர்க்கிறேன். இன்றைக்கு 36 நாள். வீட்டு ஓனர், 'கோளி இருக்கட்டும், ஹுஞ்சா மட்டும் பேடா' என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டார், அதாவது சேவல் மட்டும் வேண்டாமாம். இப்போதே பிரித்துச் சொல்ல முடியுமா?"
ஒரு வாசகி, ஸ்ரீராமபுரம்

முழுசாக முடியாது, ஆனால் பாதி முடியும், நீங்கள் சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து வாரத்தில் கொண்டை பேச ஆரம்பிக்கும். காலை வெயிலில் ஏழு குஞ்சுகளையும் ஒன்றாக விட்டு, கொஞ்சம் கம்பு போட்டுத் தின்ன விடுங்கள், தலையெல்லாம் கீழே குனியும்போது கொண்டையை மேலிருந்து பாருங்கள். பெட்டைக்கு இந்த வயசில் கொண்டை மெலிசாக, வெளிர் மஞ்சளாக, பல் பல்லாக ஒரு சீப்பு ஓரம் மாதிரி மண்டையோடு ஒட்டிக் கிடக்கும். சேவலுக்கு அதே கொண்டை அடியில் தடித்து, ரோஸ் நிறம் ஏறி, கன்னத்துக்குக் கீழே தாடி இறங்கும் இடத்திலும் ஒரு சின்ன சிவப்புப் புள்ளி தெரியும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் இந்த வித்தியாசம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகூட சொல்லும் அளவுக்கு வந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் இதெல்லாம் செல்லும். தனியாக ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு "கொண்டை சிவப்பா இருக்கே" என்று முடிவு கட்டினால் ஏமாந்து போவீர்கள். குஞ்சுக்குக் குஞ்சு வளர்த்தி வித்தியாசம் உண்டு, ஓடி ஓடித் தின்னும் துடியான பெட்டைக்குக் கொண்டை கொஞ்சம் முன்னாலேயே நிறம் காட்டும், நோஞ்சான் சேவலுக்குத் தாமதமாகும். ஏழுக்கும் காலில் ஏழு நிற நூல் தளர்வாகக் கட்டுங்கள், கால் தடிக்கத் தடிக்க வாரம் ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும், மறந்தால் நூல் தோலுக்குள் இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று வாரப் போட்டோவை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தக் கொண்டை நகர்கிறது, எது அப்படியே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கொண்டையோடு சேர்த்து இறகையும் பாருங்கள். பெட்டைக்கு முதுகும் தோளும் முன்னாலேயே மூடிக்கொள்ளும், வாலும் நேராக வளரும். சேவல் குஞ்சு பல சமயம் முதுகில் சொட்டையோடு, குட்டையாக வளைந்த வாலோடு, கால் மட்டும் தடியாக நீளமாகத் திரியும். ஹெப்பாளில் உருவாக்கிய கிரிராஜா மாதிரி கனமான இனங்களில் இது நன்றாகத் தெரியும், சிறுவிடையில் கொஞ்சம் மட்டாகத்தான். கால் தடிமனை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அப்புறம் பொய்யே சொல்லாத சாட்சி ஒன்று உண்டு, அதற்குப் பன்னிரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், முதுகின் இரண்டு பக்கமும் சரிந்து விழும் இறகு இருக்கிறது பாருங்கள், அது பெட்டைக்கு நுனி வட்டமாக, சின்னக் கரண்டி மாதிரி இருக்கும். சேவலுக்கு நீண்டு, மெலிந்து, பளபளப்பாக, வேல் முனை மாதிரி இருக்கும். கழுத்து இறகிலும் இதே வித்தியாசம்தான்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் கழுகு நிறத்தில் ஒரு குஞ்சு இருந்தது, கொண்டை மண்டையோடு மண்டையாக ஒட்டிய சாதி, அசில் என்ற சண்டைக்கோழி இனத்தின் கலப்பு. மூன்று மாதம் அதைப் பெட்டை என்றே நினைத்து முட்டைப் பெட்டியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் மடியில் போட்டு உண்ணி இருக்கிறதா என்று இறகைப் புரட்டிக்கொண்டே வந்தபோது, மங்கிய பழுப்பு இறகுகளுக்கு நடுவே ஒரே ஒரு இறகு, என் சுண்டுவிரல் நீளம், செம்பு நிறத்தில், நுனி ஊசியாக, வெயிலில் எண்ணெய் தடவின மாதிரி மின்னியது. அந்த ஒரு இறகில் முடிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் கூவ ஆரம்பித்தான்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பீர்கள். சேவலின் பகட்டான இறகுதான் கோழியின் இயல்பான இறகு. பெட்டையின் சூலகத்திலிருந்து ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் சுரப்பு அதைத் தடுத்து, வட்ட நுனியாக, அடக்கமான நிறமாக மாற்றுகிறது. அந்தச் சுரப்பு போதுமான அளவுக்கு வந்து, குஞ்சு இறகு உதிர்ந்து, புது இறகு முளைத்த பிறகுதான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கொண்டை சிவப்பது ஆண் சுரப்பால், அது முன்னாலேயே தொடங்கிவிடுவதால் கொண்டை முந்திக்கொள்கிறது.

ஓனரிடம் இரண்டு மாதம் டைம் கேளுங்கள். சேவல் இரண்டரை மாதத்துக்கு முன்னால் கூவுவது அபூர்வம், கூவினாலும் ஆரம்பத்தில் உடைந்த பீப்பி மாதிரி ஒரு சத்தம்தான் வரும்.

"முட்டை கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை என்று என் மாமியார் சொல்கிறார். யூடியூபில் குஞ்சின் மேல் நூலில் மோதிரம் கட்டித் தொங்கவிடுகிறார்கள், பிடரியைப் பிடித்துத் தூக்கினால் காலை மடக்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். எது சரி?"
ஒரு வாசகி, கம்மனஹள்ளி

மூன்றுமே இல்லை. முட்டையின் வடிவம் அதை இட்ட கோழியின் கருக்குழாயைப் பொறுத்தது. ஒரே கோழி ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் முட்டை விடும், அப்படியிருந்தும் அதன் குஞ்சுகளில் சேவலும் வரும் பெட்டையும் வரும். மாமியார் பல வருஷம் பார்த்துச் சொல்வதால் நம்பத் தோன்றும், அதில் தப்பில்லை. எப்படிச் சொன்னாலும் பாதிக்குப் பாதி பலிக்கும், ஏனென்றால் பொரிப்பதே பாதிக்குப் பாதிதான். மோதிரமும் அதே கணக்கு. பிடரியைப் பிடித்துத் தூக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், பயந்த குஞ்சு காலை மடக்கும், அவ்வளவுதான்.

இன்குபேட்டர் வைத்திருக்கும் சிலர், சூட்டைக் கூட்டிக் குறைத்தால் பெட்டையாக வருமா என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆமைக்கும் முதலைக்கும் சூடுதான் ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும், கோழிக்கு அப்படி இல்லை. அடை வைக்கும் முன்பே, முட்டை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது முடிவாகிவிட்டது. சூட்டில் விளையாடினால் 21-ஆம் நாள் கையில் நிற்பது செத்த முட்டைதான்.

"என் மகள் அடம்பிடித்து சிவாஜிநகரில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசிய குஞ்சு ஐந்து வாங்கினாள். இரண்டு செத்துவிட்டது. மீதி மூன்றும் பெட்டையாக இருக்க வாய்ப்பு உண்டா?"
ஒரு வாசகர், நீலசந்திரா

மூன்றும் சேவலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், தம்பி. முட்டைக்கோழிக் குஞ்சுப் பண்ணையில் பொரித்த அன்றே பெட்டையைத் தனியாக எடுத்து முட்டைப் பண்ணைகளுக்கு விற்றுவிடுவார்கள். சேவல் குஞ்சு முட்டையும் விடாது, கறிக்கோழி மாதிரி வேகமாகச் சதையும் போடாது, அதனால் அதற்கு அங்கே விலையே இல்லை. அதில் ஒரு பங்குதான் சாயத்தில் முங்கிக் கூடையில் ஏறித் தெருவுக்கு வருகிறது. மற்றவை கொல்லப்படுகின்றன. இதை நிறுத்தச் சொல்லி ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் சட்டமே போட்டுவிட்டார்கள், பிரான்சும் அடுத்து வந்தது, அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே சோதித்து ஆண் முட்டையை அடையிலிருந்து எடுத்துவிடும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. இங்கே இன்னும் அந்தக் கூடைதான். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத உயிரை ஈரமாக்கி வெயிலில் வைத்து விற்பதை என்னால் பார்க்க முடிவதில்லை. மகளுக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

இருக்கிற மூன்றையும் காப்பாற்றுவோம். முதல் வாரம் கதகதப்பு ஏறக்குறைய 35 டிகிரி வேண்டும், வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பல்பு தொங்கட்டும், எதிர் மூலை கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கட்டும். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர், தள்ளிப் போய் வாயைப் பிளந்தால் சூடு. நம் ஊர் ஜூன் மாத ராத்திரிக்கு இது ரொம்ப அவசியம். சாயத்தைக் கழுவுகிறேன் என்று தண்ணீரில் விடாதீர்கள், இறகு மாறும்போது தானே போய்விடும்.

"அக்கா, பண்ணையில் ஒரே நாளில் எப்படிப் பிரிக்கிறார்கள்? நான் இன்ஜினியரிங் படிக்கிறேன், அதைக் கற்றுக்கொண்டு வீட்டுக் குஞ்சுகளுக்குச் செய்ய முடியுமா?"
ஒரு மாணவர், எலக்ட்ரானிக் சிட்டி

நல்ல கேள்வி. மூன்று வழி இருக்கிறது. முதலாவது, எச்சவாயைப் பிதுக்கி உள்ளே கடுகைவிடச் சின்னதாக ஒரு மேடு இருக்கிறதா என்று பார்ப்பது. 1920களில் ஜப்பானில் கியோஷி மசூயும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் கண்டு சொன்ன முறை இது, அப்புறம் ஜப்பானிய ஆட்கள் இதற்காகவே வெளிநாடுகளுக்குப் போய் வேலை பார்த்தார்கள். தேர்ந்தவர்கள் மணிக்கு 800, 1000 குஞ்சு வரை பார்ப்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் சில பெட்டைக்கும் மேடு இருக்கும், சில சேவலுக்கு இருப்பதே தெரியாது, பல ஆயிரம் குஞ்சு பார்த்த கைக்குத்தான் அந்த வித்தியாசம் பிடிபடும். தெரியாத கை அழுத்தினால் குஞ்சின் குடலே கலங்கிவிடும். அதனால் தம்பி, வீடியோ பார்த்துவிட்டு இதைச் செய்ய வேண்டாம், கண்டிப்பாக.

இரண்டாவது, இறக்கையை விரித்து இறகைப் பார்ப்பது. பெட்டைக்கு நீள இறகு ஒன்று, அதன் மேல் மூடும் குட்டை இறகு ஒன்று என்று ஏற்ற இறக்கமாக இருக்கும், சேவலுக்கு இரண்டும் ஒரே அளவில் இருக்கும். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கென்றே ஜோடி சேர்த்து உருவாக்கிய ரகங்களில்தான் இது பலிக்கும், தாய் தகப்பன் தெரியாத நாட்டுக்குஞ்சில் செய்தால் மோதிரம் தொங்கவிடுவதற்குச் சமம். இதைச் சொல்லாமல் வீடியோ போடுகிறவர்களால்தான் எனக்கு வாரம் நாலு கடிதம் வருகிறது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்மில் தகப்பன் பிள்ளையின் பாலைத் தீர்மானிக்கிறார், கோழியில் தாய் தீர்மானிக்கிறாள். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டைக் குஞ்சு தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்துதான் வாங்குகிறது, தாயின் இசட் சேவல் குஞ்சுக்கு மட்டும்தான் போகிறது. இறகில் வரி வரியாகக் கோடு போடும் மரபணு இந்த இசட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. இப்போது, வரிபோட்ட பிளைமவுத் ராக் பெட்டையோடு ரோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேர்த்தால் என்ன ஆகும்? வரி மரபணு ஆண் குஞ்சுகளுக்கு மட்டும் போகும், அவற்றின் கருப்புத் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், பெண் குஞ்சுக்குப் பொட்டு இருக்காது. பிறந்த உடனே, எச்சவாயைத் தொடாமல், தலையைப் பார்த்தே பிரித்துவிடலாம். சேவலையும் பெட்டையையும் மாற்றிப் போட்டுச் சேர்த்தால் இது நடக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆர்வம் இருந்தால் ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி அபிவிருத்தி நிறுவனம் இருக்கிறது, பயிற்சி நடத்துகிறார்கள், போய்க் கேளுங்கள். ஓசூர் பக்கம் போக முடிந்தால் மத்திகிரியில் கோழியின உற்பத்திக்கென்றே தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது.

"கடக்நாத் குஞ்சு நான்கு. கொண்டை சிவக்கவே மாட்டேன் என்கிறது. எல்லாம் பெட்டையா?"
ஒரு வாசகர், ஆஸ்டின் டவுன்

கடக்நாத்துக்குக் கொண்டையும் தோலும் கருப்பு, சிவப்புக்குக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நிறத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள், சேவலுக்குக் கொண்டையும் தாடியும் பெரிசாகி நிமிரும். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் மேலே சொன்ன முதுகு இறகைப் பாருங்கள்.

"பெட்டை என்று தெரிந்த உடனே முட்டைத் தீவனத்துக்கு மாற்றிவிட்டால் சீக்கிரம் முட்டை வைக்குமா?"
ஒரு வாசகி, விவேக்நகர்

வைக்காது, கிட்னிதான் கெடும். முட்டைத் தீவனத்தில் ஓடு உருவாகக் கால்சியம் மூன்றரை, நாலு சதவீதம் வரை இருக்கும். வளரும் குஞ்சுக்கு ஒரு சதவீதமே போதும். 16 வாரத்துக்கு முன்னால் தொடவே வேண்டாம், நாட்டுக்கோழி என்றால் வெடக்கோழி (இன்னும் முட்டை வைக்காத இளம் பெட்டை) கேற, அதாவது கொக்கரிக்க ஆரம்பிக்கும்வரை, கொண்டை சிவக்கும்வரை பொறுங்கள். ஆமாம், பெட்டைக்கும் முட்டைக்கு முன்னால் கொண்டை சிவக்கும், ஐந்தாம் மாதம் சிவந்ததைப் பார்த்து "ஐயோ சேவலா" என்று பயப்பட வேண்டாம்.

"மூன்று வருஷமாக முட்டை விட்ட பெட்டை, இப்போது முட்டை நின்று, கொண்டை பெருத்து, போன வாரம் கூவியது. வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடு என்கிறார்கள். மனசு வரவில்லை அம்மா."
ஒரு பெரியவர், மர்பி டவுன்

ஐயா, அறுக்காதீர்கள். பெட்டைக்கு இடது பக்கச் சூலகம் மட்டும்தான் வேலை செய்யும், வலது பக்கம் வளராமலே நின்றுபோன ஒரு துணுக்காக இருக்கும். நோயாலோ கட்டியாலோ இடது பக்கம் பழுதானால் பெண் சுரப்பு நின்றுவிடுகிறது, அந்த வலதுபக்கத் துணுக்கு சில சமயம் விதை மாதிரி வளர்ந்து ஆண் சுரப்பைக் கொடுக்கத் தொடங்குகிறது. அப்போது கொண்டை பெருக்கும், அடுத்து இறகு உதிரும்போது கூர் இறகு முளைக்கும், கூவவும் செய்யும். உடம்புக்குள் இருக்கும் கோளாறு இது, வீட்டுக்கு இதில் ஒரு கெடுதலும் இல்லை. மூன்று வருஷம் உங்களுக்கு முட்டை கொடுத்தது. வயிறு வீங்கியிருக்கிறதா, தீவனம் எடுக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள், வீங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பத்து குஞ்சில் ஆறு சேவல் ஆகிவிட்டது அக்கா. பக்கத்து வீட்டில் காலை நாலு மணிக்குக் கூவுகிறது என்று சண்டை. இருட்டுப் பெட்டியில் அடைத்தால் கூவாதா?"
ஒரு வாசகர், அல்சூர்

சத்தம் குறையும், நிற்காது. வெளிச்சம் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நினைக்கிறோம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-ல் மங்கலான ஒரே வெளிச்சத்தில் சேவல்களை வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் விடிகிற நேரக் கணக்கில் கூவின. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் அது. அதே ஆட்கள் 2015-ல் இன்னொன்றும் கண்டார்கள், கூட்டத்தில் முதல் இடத்துச் சேவல் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்னால் கூவும். உங்கள் வீட்டில் ஆறு இருப்பதால் ஒன்று தொடங்க, ஐந்து பின்பாட்டுப் பாடுகிறது. கூரை தாழ்ந்த, காற்று வரும் பெட்டியில் ராத்திரி அடைத்தால் கழுத்தை நீட்ட முடியாமல் சத்தம் கொஞ்சம் அடங்கும். கழுத்தில் கட்டும் பட்டை விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள், மூச்சு முட்டும்.

முட்டைக்குச் சேவலே வேண்டாம், பெட்டை தன்னால் முட்டை விடும், குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல் வேண்டும், அதற்கும் எட்டு பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். ஊரில் தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் மூன்று மாதத்திலேயே, சண்டை போட்டுக் கொண்டை கிழித்துக்கொள்ளும் முன்பே அனுப்பிவிடுங்கள். கறிக்கு என்று முடிவு செய்தால் அதையும் வீட்டில் எல்லோரும் பேசி, பிள்ளைகளிடம் மறைக்காமல் செய்யுங்கள். பிள்ளை பேர் வைத்து வளர்த்ததை அவன் ஸ்கூல் போயிருக்கும்போது குழம்பு வைத்த வீட்டை எனக்குத் தெரியும், அந்தப் பையன் இன்றுவரை கோழி தொடுவதில்லை. அடுத்த முறை ஊரிலிருந்து எடுக்கும்போது பொடிக்குஞ்சு வேண்டாம், அம்மாவிடம் சொல்லி மூன்று மாதம் பஞ்சாரத்தில் வளரவிட்டு, முதுகு இறகைப் பார்த்து வெடக்கோழியாக நாலு எடுத்து வாருங்கள்.